வேலை தேடும்போது யாரிடம் கேட்பது, என்ன கேட்பது?

மாதக்கணக்கில் விண்ணப்பம் போட்டும் பதிலே வரவில்லை, வேறு எப்படித் தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் நானும் இருந்திருக்கிறேன். பல விண்ணப்பங்களை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அதனால் பதில் வராததை வைத்து உங்கள் தகுதியை எடைபோடாதீர்கள்.

முதலில் தெரிந்தவர்களிடம் பேசுங்கள். நெருங்கிய நண்பர்களைச் சொல்லவில்லை. முன்பு கூட வேலை பார்த்தவர், கல்லூரி சீனியர், பயிற்சி வகுப்பில் பழக்கமானவர் என எப்போதாவது பேசுகிறவர்கள். மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் அந்த நபரை எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள் என்று விசாரித்து 1973இல் எழுதினார். வாரம் இரண்டு முறையாவது சந்தித்ததாகச் சொன்னவர்கள் 16.7 சதவீதம்தான். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்துப் பழக்கக்காரர் புழங்கும் வட்டமே வேறு. லிங்க்ட்இன் பயனர்கள் 2 கோடிப் பேரின் தரவை வைத்து 2022இல் வெளியான ஆய்விலும், வேலை மாற அதிகம் உதவியது ஓரளவு பழக்கமுள்ளவர்கள்தான்.

ஆனால் எடுத்தவுடன் "ஒரு வேலை வாங்கித் தாருங்கள்" என்று கேட்காதீர்கள். அவரால் முடியாவிட்டால் சங்கடப்பட்டுப் பதிலே போடமாட்டார். "உங்கள் குழுவில் இந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது எதை முக்கியமாகப் பார்ப்பீர்கள்? பத்து நிமிடம் பேச முடியுமா?" என்று கேளுங்கள். இதற்குப் பதில் சொல்வது யாருக்கும் சுலபம். பேச்சு நன்றாகப் போனால் பெரும்பாலும் அவரே "ரெஸ்யூம் அனுப்புங்கள்" என்பார்.

அப்புறம் ரெஸ்யூம். பெரிய நிறுவனங்களில் அதை முதலில் ஒரு மென்பொருள் படித்துப் பிரித்து வைக்கிறது. பக்கத்தை இடம் வலமாக இரண்டாகப் பிரிக்கும் வடிவமைப்பு, அட்டவணை, படமாகச் சேர்த்த எழுத்து எல்லாம் அதைக் குழப்பலாம். உங்கள் பிடிஎஃப்பில் உள்ளதை முழுவதும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிகள் கலைந்து வந்தால் வடிவமைப்பை எளிமையாக்குங்கள். விளம்பரத்தில் உள்ள திறன் உங்களிடம் நிஜமாகவே இருந்தால், அவர்கள் பயன்படுத்திய அதே சொல்லில் எழுதுங்கள், ஏனென்றால் அந்தச் சொல்லைப் போட்டுத்தான் தேடுவார்கள். "கடின உழைப்பாளி" போன்றவற்றை எடுத்துவிட்டு, என்ன செய்தீர்கள், அதனால் என்ன மாறியது என்று எழுதுங்கள்.

விண்ணப்பத்தைச் சீக்கிரம் போடுவது நல்லது. போதிய ஆட்கள் கிடைத்ததும், விளம்பரம் இருக்கும்போதே பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள்.

பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் முன்பணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் விலகிவிடுங்கள். வேலைக்கு எடுப்பவர் உங்களிடம் காசு வாங்கமாட்டார்.

நேர்காணல் வரை போய்த் தேர்வாகவில்லை என்றால், நன்றி சொல்லி, அடுத்த முறை இடம் வந்தால் தெரிவிக்கும்படி இரண்டு வரி எழுதுங்கள். தேர்வானவர் சேராமல் போவது அடிக்கடி நடக்கிறது. அப்போது பழைய பட்டியலைத்தான் முதலில் எடுப்போம்.