உலாவியை நிரல் மூலம் தானாக ஓட்டும் கருவியான செலினியம் நிறுவுவதில் சிக்கலா? கேளுங்கள்

கே: 'பிப் இன்ஸ்டால் செலினியம்' பிழையில்லாமல் முடிந்தது. ஆனால் விஎஸ் கோட் எடிட்டரில் ஓட்டினால் அப்படி ஒரு மாட்யூலே இல்லை என்கிறது. ஏன் அண்ணா?

ப: உங்கள் கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட பைதான் இருக்கும் தம்பி. பைதான் தொகுப்புகளை நிறுவும் பிப் ஒன்றில் கொண்டுபோய் வைத்தது, விஎஸ் கோட் இன்னொன்றை ஓட்டுகிறது. திரையின் கீழே வலது மூலையில் எந்தப் பைதான் என்று போட்டிருக்கும், பாருங்கள். வெறும் பிப் என்று தட்டாமல் 'பைதான் -எம் பிப் இன்ஸ்டால் செலினியம்' என்று கொடுத்தால், கூப்பிட்ட பைதானிலேயே போய் உட்காரும். அதைவிட நல்லது, ஒவ்வொரு வேலைக்கும் தனி வென்வ், அதாவது அந்த வேலைக்கு மட்டுமான தனிப் பைதான் சூழல். டெர்மினல் வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வென்வின் பெயர் தெரிந்தால்தான் உள்ளே இருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

கே: உபுண்டுவில் பிப் மறுக்கிறது. 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' போட்டு நிறுவலாமா?

ப: கூடாது. உபுண்டு 23.04, டெபியன் 12 முதல் கணினியின் சொந்தப் பைதானில் பிப் கைவைக்காதபடி தடுத்திருக்கிறார்கள். அது இயங்குதளத்தின் சொந்த நிறுவல் கருவியான ஆப்ட் பார்த்துக்கொள்ளும் இடம். வென்வ் போடுங்கள்.

கே: குரோம்டிரைவர் 114க்கு மேல் கிடைக்கவில்லை. லிங்க் வேண்டும்.

ப: செலினியத்தின் கட்டளைகளைக் குரோமுக்குக் கொண்டுசேர்ப்பது இந்த டிரைவர்தான். அதன் பழைய தளம் 114ஓடு நின்றுவிட்டது. ஆனால் கையால் இறக்கவே வேண்டாம். செலினியம் 4.6 முதல் செலினியம் மேனேஜர் கூடவே வருகிறது. உங்கள் குரோம் எந்தப் பதிப்பு என்று பார்த்து, பொருந்தும் டிரைவரை அதுவே இறக்கிக்கொள்ளும். ஒரே எச்சரிக்கை: பாத்தில் (கணினி நிரல்களைத் தேடும் கோப்புறைகளில்) பழைய டிரைவர் கிடந்தால் அதைத்தான் எடுக்கும். முதலில் அதை அழியுங்கள்.

கே: 'எக்ஸிக்யூட்டபிள் பாத்' கொடுத்தால் டைப் எரர்.

ப: டிரைவர் இருக்கும் இடத்தைச் சொல்லும் அந்த வழியைச் செலினியம் 4.10இல் நீக்கிவிட்டார்கள். மேலே படியுங்கள்.

கே: 'ஃபைண்ட் எலிமெண்ட் பை ஐடி' வேலை செய்யவில்லை.

ப: 4.3இல் போயிற்று. 2022க்கு முந்தைய வீடியோவைப் பார்த்துத் தட்டச்சு செய்யாதீர்கள் என்று எத்தனை பேருக்குச் சொல்வது!

கே: குரோம்டிரைவர் லிங்க் ப்ளீஸ்.

ப: மேலே.

கே: பிளேரைட் இருக்கும்போது செலினியத்தைக் கட்டிக்கொண்டு ஏன் அழ வேண்டும்?

ப: வாங்க, இதற்குத்தான் காத்திருந்தேன். பிளேரைட்டும் உலாவியைத் தானாக ஓட்டும் கருவிதான். பட்டன் தயாராகும்வரை தானே பொறுத்திருந்து கிளிக் செய்வது பிளேரைட்டின் பெரிய பலம். செலினியத்தில் அந்தக் காத்திருப்பை வெப்டிரைவர்வெயிட் கொண்டு நாமே எழுத வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு ஸ்லீப் 5 (கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நொடி நிற்பது) போடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் பிளேரைட் ஓட்டுவது தானே கட்டிய வெப்கிட்டை (சஃபாரிக்குள் இருக்கும் எஞ்சின்), சஃபாரியை அல்ல. செலினியம் நிஜ சஃபாரியையே ஓட்டும்.

கே: எஞ்சின் ஒன்றுதானே சார்?

ப: எஞ்சின் ஒன்று, உலாவி ஒன்றல்ல. வீடியோ ஓடும் பக்கத்தைச் சோதித்துப் பாருங்கள், புரியும்.

கே: எங்கள் டீமில் மேக்கே கிடையாது.

ப: மேக் இல்லாமல் நிஜ சஃபாரி இல்லை. அப்போது பிளேரைட்டே போடுங்கள், சண்டை முடிந்தது. பிப்போடு நிறுத்தாமல் 'பிளேரைட் இன்ஸ்டால்' என்றும் கொடுங்கள். உலாவிகள் அதில்தான் இறங்கும். அதுவும் வென்வுக்குள்.

கே: என்னிடம் மேக் இருக்கிறது. சஃபாரி டிரைவரை எங்கே இறக்குவது?

ப: எங்கும் வேண்டாம், மேக்ஓஎஸ்ஸிலேயே இருக்கிறது. டெர்மினலில் 'சஃபாரிடிரைவர் --எனேபிள்' என்று ஒருமுறை கொடுத்து, கேட்டால் பாஸ்வேர்டைப் போடுங்கள்.