பஃபர் மீனுக்கு உவர்நீர் டேங்க் அமைப்பது எப்படி? மீனைப் போட்டுக்கொண்டே சைக்கிள் செய்யலாமா?

மீன் ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். மீன் வந்து டேங்கில் விட்ட பிறகுதான் பலருக்கும் இந்தக் கேள்வி வருகிறது. எனக்கும் அப்படித்தான் வந்தது.

மீனைப் போட்டுக்கொண்டு சைக்கிள் செய்யாதீர்கள். சைக்கிள் என்றால், மீன் கழிவை மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் வளரும்வரை டேங்கை ஓட விடுவது. வாங்கிய கடையிலேயே ஒன்றரை மாதம் வைத்திருக்க முடியுமா என்று கேளுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

2019 மே மாதம் சென்னை கொளத்தூரில் பச்சைப்புள்ளி பஃபர் இரண்டு வாங்கினேன். புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். "நல்ல தண்ணியிலயே இருக்கும் சார், கல்லுப்பு ஒரு கைப்பிடி போட்டாப் போதும்" என்றார் கடைக்காரர். டேங்க் வைத்து இரண்டே நாள் ஆகியிருந்தது. நான்காம் நாள் காலையில் பார்த்தால், வெள்ளை வெளேரென்று இருந்த வயிறு ஈரச் சிலேட்டு நிறத்துக்கு மாறியிருந்தது. வாலை ஒரு பக்கமாக மடித்துக்கொண்டு ஹீட்டருக்குப் பின்னால் ஒதுங்கி நின்றது. கண்கள் மட்டும் ஆளுக்கொரு பக்கம் சுழன்றுகொண்டிருந்தன. அமோனியா டெஸ்ட் கிட் வாங்கி வந்து பார்த்தேன். மஞ்சளாக இருக்க வேண்டிய நீர் கரும்பச்சையாகிவிட்டது. அந்த வாரமே இரண்டும் போய்விட்டன.

பிறகுதான் படித்தேன். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். இவை ஃபில்டரில் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். உவர்நீரில் பி.எச். எட்டை ஒட்டி இருக்கும். ஏழில் இருப்பதைவிட எட்டில் அமோனியாவின் நச்சு வடிவம் ஏறக்குறைய பத்து மடங்கு. அதனால் கப்பி மீனுக்குச் செய்கிற அவசரம் பஃபருக்கு ஆகாது. கல்லுப்பும் ஆகாது. அது கிட்டத்தட்ட முழுக்க சோடியம் குளோரைடு. மக்னீசியமெல்லாம் உப்பளத்துக் கசப்புநீரோடு போய்விடும். மீன் தொட்டிக்கென்று விற்கும் கடல் உப்புக் கலவைதான் வேண்டும்.

இரண்டாம் முறை 120 லிட்டர் டேங்க். ஒரு மீனுக்கு அதுதான் குறைந்தபட்சம், ஏனென்றால் இது 15 செ.மீ. வரை வளரும். குளோரின் போக்கிய நீரில் லிட்டருக்குச் சுமார் 7, 8 கிராம் உப்பைக் கரைத்து, கிராவிட்டி (நன்னீரை 1 என்று வைத்து அளக்கும் நீரின் அடர்த்தி) 1.005 வரும்படி ஆரம்பத்திலேயே வைத்துக்கொண்டேன். ஃபில்டரில் பவளக் கல் துண்டுகள். பிறகு, அழுகி அமோனியா தரட்டும் என்று உரிக்காத இறால் இரண்டை வலைத்துணியில் கட்டித் தொங்கவிட்டேன். ஐந்தாம் நாள் ஹால் முழுக்க நாற்றம். அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அமோனியா ஏறியதும் இறாலை எடுத்துவிட்டேன். மூன்றாம் வாரம் நைட்ரைட் குழாய் ஊதாவாகி, அப்படியே நின்றது. பலரும் பொறுமை இழப்பது இந்த இடத்தில்தான். 38-ஆம் நாள், 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அளவுக்கு அமோனியா விட்டு 24 மணி நேரம் கழித்துப் பார்த்தேன். அமோனியாவும் இல்லை, நைட்ரைட்டும் இல்லை. பெரும்பகுதி நீரை மாற்றி நைட்ரேட்டைக் குறைத்த பிறகுதான் மீன் வாங்கப் போனேன்.

நண்பரின் நன்னீர் டேங்கிலிருந்து ஃபில்டர் ஸ்பாஞ்ச் கிடைத்தால், அதில் பாக்டீரியா ஏற்கெனவே இருப்பதால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அப்போது நன்னீரில் தொடங்கி, கிராவிட்டியை வாரத்துக்கு 0.002-க்கு மேல் ஏற்றாதீர்கள், அந்த பாக்டீரியா தாங்காது. வெயில் காலத்தில் வற்றும் நீருக்கு நல்ல தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். நீர்தான் ஆவியாகிறது, உப்பு உள்ளேயே இருக்கிறது. இதில் ஏமாந்தவர்கள் நிறைய.

"நான் நன்னீரிலேயே இரண்டு வருடம் வளர்த்தேன்" என்று யாராவது வந்து எழுதுவார்கள். இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் நன்றாக வைத்தால் பத்து வருடத்துக்கு மேல் வாழும் மீன் இது. இலங்கையிலிருந்து இந்தோனேசியா வரை முகத்துவாரங்களிலும் அலையாத்திக் காடுகளிலும் திரிவது. வளர வளர உப்பையும் கூட்டிக்கொண்டே போக வேண்டும். "கடலிலிருந்து பிடித்து வந்து ஏன் அடைக்கிறீர்கள்" என்று கேட்பவர்களிடம் எனக்கு வாதமில்லை. வாங்கிவிட்டவருக்காக எழுதுகிறேன்.

இன்னொன்று, வாடகை வீடா? எங்கள் பழைய ஹவுஸ் ஓனர் இந்த டேங்கைப் பார்த்துவிட்டு மாதம் 500 ரூபாய் தண்ணீர்க் காசு கூட்டினார். வாரத்துக்கு நான் மாற்றுவது 40 லிட்டர். அவர் தினமும் காரைக் கழுவ ஹோஸைத் திறந்துவிட்டுப் போவார், தெருவே நனையும். லாரித் தண்ணீருக்கு எல்லாரும் பங்கு கொடுத்த கோடைக்காலம் அது. காலி செய்தபோது "தரையில் உப்புக் கறை" என்று அட்வான்ஸிலும் பிடித்துக்கொண்டார். கறை வாஷிங் மெஷின் இருந்த இடத்தில் இருந்தது. போட்டோ எடுத்து வையுங்கள்.

இப்போதிருக்கும் மீனுக்கு வாரம் இரண்டு முறை நத்தை போடுகிறேன். பல் வளர்ந்துகொண்டே இருக்கும், ஓடு கடித்தால்தான் தேயும். அது நத்தையை உடைக்கும் சத்தம் அடுத்த அறை வரை கேட்கிறது. டேங்க் எத்தனை லிட்டர், போர் தண்ணீரா மெட்ரோ தண்ணீரா என்று கீழே எழுதுங்கள். உப்புக் கணக்கு போட்டுத் தருகிறேன்.