இருட்டை வாங்க 64,000 ரூபாயா?

கேள்வி: ஐயா, எனக்கு 38 வயது. திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 62,000 ரூபாய். வாடகை, மளிகை, இரண்டு பிள்ளைகளின் படிப்பு எல்லாம் சேர்த்து 45,000 போய்விடும். எஸ்.ஐ.பி. என்ற மாதாந்தர முதலீடு 6,000, ஊரில் அம்மாவுக்கு 5,000. மீதி 6,000 சும்மாதான் இருக்கிறது. சேமிப்புக் கணக்கில் 85,000 உள்ளது. 9.5% வட்டியில் 1,20,000 ரூபாய் நகைக்கடன் இருக்கிறது. போன தீபாவளிக்கு 500 ஆன்சி லூமென் ஒளித்திறன் உள்ள புரொஜெக்டர் ஒன்று வாங்கினோம். ராத்திரி படம் நன்றாகத் தெரிகிறது. பகலில், முக்கியமாகச் சாயங்காலம், சுவரில் ஒன்றுமே தெரிவதில்லை. ஹாலின் ஜன்னல் மேற்குப் பார்த்தது. பையன் பிளேஸ்டேஷன் ஆடுவதும் அந்த நேரத்தில்தான். அறை வெளிச்சத்தைத் தள்ளிவிடும் 100 அங்குல ‘ஏ.எல்.ஆர்.’ திரையைக் கடையில் காட்டினார்கள். பெட்டிக்குள்ளிருந்து மேலே எழும்பி நிற்கிறது. பொங்கலுக்குத் தேனி பக்கம் சொந்த ஊருக்குக் கொண்டுபோய் மொட்டை மாடியிலும் படம் போடலாம் என்கிறார்கள். விலை 64,000, நோ காஸ்ட் இ.எம்.ஐ. 12 மாதம். மொத்தமாகக் கட்டினால் 59,500. 2,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். இ.எம்.ஐ. போடலாமா?

பதில்: இ.எம்.ஐ.யைப் பிறகு பார்ப்போம். நீங்கள் அனுப்பிய விளம்பரத் தாளின் அடியில், பொடி எழுத்தில், ‘யு.எஸ்.டி. புரொஜெக்டருக்கு மட்டும்’ என்று போட்டிருக்கிறது. கடைக்காரர் அதைப் படித்துக் காட்டினாரா?

யு.எஸ்.டி. என்பது சுவரை ஒட்டினாற்போலத் தரைக்குப் பக்கத்தில் வைக்கும் புரொஜெக்டர். திரைக்கும் அதற்கும் ஒன்றிரண்டு அடிகூட இருக்காது; கீழேயிருந்து சாய்வாக மேல்நோக்கி ஒளி அடிக்கும். அதற்கென்று செய்த திரையைக் கிட்டத்தில் தடவிப் பார்த்தால் ரம்பப் பல் மாதிரி நுணுக்கமான வரிகள் தட்டுப்படும். ஒவ்வொரு பல்லின் மேல்முகமும் கறுப்பு. டியூப் லைட் வெளிச்சம் மேலிருந்து வந்து அதில் விழுந்து அடங்கிவிடும். கீழ்முகம் மட்டும் புரொஜெக்டரின் ஒளியை வாங்கி உங்கள் பக்கம் திருப்பும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் புரொஜெக்டர் எங்கே இருக்கிறது? எட்டு ஒன்பது அடி தள்ளி, டீப்பாயின் மேல். அது நேராக அடிக்கும் ஒளியில் ஒரு பங்கை அந்தக் கறுப்பு முகங்களே விழுங்கிவிடும். 64,000 கொடுத்து வாங்கிய திரையில் இப்போதைய சுவரைவிட மங்கலாகப் படம் பார்ப்பீர்கள்.

இன்னொன்று. அந்த வரிகள் தடுப்பது மேலிருந்து வரும் வெளிச்சத்தை. பக்கவாட்டிலிருந்து வருவதை அந்த அளவுக்குத் தடுக்காது. உங்கள் தொல்லை டியூப் லைட் இல்லை, மேற்கு ஜன்னல்.

ஒரு சின்னக் கணக்குப் போடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 100 அங்குலத் திரை என்பது ஏறக்குறைய 221 சென்டிமீட்டர் அகலம், 125 சென்டிமீட்டர் உயரம். 30 சதுர அடி. உங்கள் 500 லூமென் அதில் பரவினால், சாதாரண வெள்ளைத் திரையில் 58 நிட் அளவுக்கு வெளிச்சம் கிடைக்கும். திரை எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்பதை அளக்கும் அலகுதான் நிட். தியேட்டர்களின் டிஜிட்டல் புரொஜெக்‌ஷனுக்கு வைத்திருக்கும் அளவே 48 நிட்தான். அதனால்தான் ராத்திரி உங்களுக்குக் குறை தெரியவில்லை. இந்த வகைத் திரைகளில் 0.6 மடங்கு ஒளியை மட்டும் திருப்புபவை நிறைய. பொருத்தமான புரொஜெக்டரே இருந்தாலும் உங்கள் 58 நிட் 35 ஆகிவிடும். அதாவது, நன்றாக இருக்கும் ராத்திரியையும் கெடுத்துக்கொள்ள 64,000. அப்புறம் கடைக்காரர் என்ன சொல்வார்? “சார், புரொஜெக்டரை மாத்திடுங்க.” யு.எஸ்.டி. புரொஜெக்டர் திரையைவிட விலை கூடிய சாமான். ஒன்று வாங்கப்போய் இன்னொன்று வாங்குவது என்பது இதுதான்.

இன்று சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு வேலை செய்யுங்கள். புரொஜெக்டரை அணைத்துவிட்டு, படம் விழும் சுவரை ஒரு நிமிடம் பாருங்கள். அந்தச் சுவர் எந்த நிறத்தில் தெரிகிறதோ அதுதான் உங்கள் படத்தின் கறுப்பு. புரொஜெக்டரால் வெளிச்சத்தைப் போட முடியும், இருட்டைப் போட முடியாது. அதன்பின் ஜன்னலில் ஒரு கனத்த போர்வையைத் தொங்கவிட்டு மறுபடி பாருங்கள். உங்களுக்கு வேண்டிய சாமான் எது என்று அப்போதே தெரிந்துவிடும். திரைச்சீலைக் கடையில் ‘பிளாக் அவுட்’ என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். துணி, கம்பி, தையல்கூலி எல்லாம் சேர்த்து 5,000 ரூபாய்க்குள் முடித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போகாதீர்கள்.

பையனின் விளையாட்டைப் பற்றியும் சொல்லியிருக்கிறீர்கள். பட்டனை அழுத்தியதற்கும் திரையில் ஆள் குதிப்பதற்கும் நடுவே தாமதம் தெரிந்தால் அது புரொஜெக்டரின் குணம். திரை எதுவானாலும் அது மாறாது. புரொஜெக்டரின் மெனுவில் ‘கேம் மோட்’ இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். இருந்தால் செலவே இல்லை.

ஊருக்குக் கொண்டுபோகும் கதைதான் எனக்குச் சிரிப்பு மூட்டியது. மேலெழும்பும் திரையின் பெட்டி ஏழெட்டு அடி நீளம், நல்ல கனம். திருப்பூரிலிருந்து தேனி பஸ்ஸில் அதை எங்கே வைப்பீர்கள்? மொட்டை மாடியில் படம் போடுவது ராத்திரியில். ராத்திரி வானத்தின் கீழே எந்த வெளிச்சத்தைத் தள்ளிவிட வேண்டும்? தவிர, பாயை விரித்துச் சொந்தக்காரர்கள் இருபது பேர் அங்கங்கே உட்காருவார்கள். வெளிச்சத்தைத் தள்ளும் திரைகள் பெரும்பாலும் நேர் எதிரே இருப்பவருக்குத்தான் பளிச்சென்று காட்டும். ஓரத்தில் இருக்கும் சித்தப்பாவுக்கு மங்கும். வெள்ளைத்துணி யாரையும் அப்படிப் பிரித்துப் பார்க்காது. நம் ஊர்த் திருவிழாக்களில் வேட்டியை இழுத்துக் கட்டிப் படம் போட்டவர்கள் விவரம் தெரிந்தவர்கள். கீழ்முனை இரண்டிலும் செங்கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள், காற்றுக்குப் புடைக்காது.

முக்காலியில் மாட்டும் சாம்பல்நிறத் துணியையும் ‘ஏ.எல்.ஆர்.’ என்று பெயர் போட்டு மலிவாக விற்கிறார்கள். சாம்பல்நிறம் கறுப்பைக் கொஞ்சம் கறுப்பாகக் காட்டும், வெள்ளையையும் சேர்த்து மங்கவைக்கும், அவ்வளவுதான். நானும் ஒரு சமயம் ஏமாந்து ஒன்று வாங்கினேன். மடித்து அனுப்பியிருந்தார்கள். இஸ்திரி போட்டும் மடிப்புக் கோடு போகவில்லை; கதாநாயகியின் முகத்தில் கூட்டல் குறி. இப்போது அதன்மேல் எங்கள் வீட்டில் வடகம் காய்கிறது.

சரி, பணத்துக்கு வருவோம். மொத்தமாகக் கட்டினால் 59,500, தவணையில் 64,000 என்றால், வித்தியாசமான 4,500தான் வட்டி. நீங்கள் மாதாமாதம் 5,333 கட்டி அசலைக் குறைத்துக்கொண்டே வருவதால், அது ஆண்டுக்கு 13.7% வட்டிக்குச் சமம். கார்டில் தவணை போட்டால் அந்த வட்டியின்மேல் 18% ஜி.எஸ்.டி. தனியாக வரும், 810 ரூபாய். பிராசஸிங் கட்டணம் ஒரு 200, 250 ரூபாய் என்று வையுங்கள். எல்லாம் சேர்த்தால் 17 சதவீதத்தை ஒட்டிப் போகிறது. இதற்குப் பெயர் ‘நோ காஸ்ட்’. பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. பெயரை மாற்றிக்கொண்டு அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

“மீதி 6,000 சும்மாதான் இருக்கிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். சும்மா இல்லை. வீட்டம்மாவின் நகை அடகில் இருக்கிறது. அதற்கு வருஷத்துக்கு 11,400 ரூபாய் வட்டி, மாதம் 950. கையிருப்பு 85,000 என்பது உங்கள் வீட்டுச் செலவுக்கு இரண்டு மாதம்கூடத் தாங்காது. ஆர்டர் குறைந்தால் திருப்பூரில் என்ன ஆகும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திரைக்குக் கட்டத் தயாராக இருந்த அதே 5,300ஐ நகைக்கடனில் கட்டுங்கள். கடைசியில் மொத்தமாகத்தான் கட்ட வேண்டும் என்று இல்லாமல், இடையிடையே அசலைக் கழித்துக்கொள்வார்களா என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். 12 மாதத்தில் 63,600. கடன் ஏறக்குறைய பாதிக்கு இறங்கிவிடும், ஒன்றிரண்டு வளையலாவது வீட்டுக்கு வரும். எஸ்.ஐ.பி.யை இதற்காக நிறுத்த வேண்டாம். 85,000ஐயும் தொட வேண்டாம், ஜன்னல் திரைச்சீலைக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நகை மீண்ட பிறகும் பகலில் படம் பார்க்கும் ஆசை அப்படியே இருந்தால், தாராளமாகச் செலவழியுங்கள். அது உங்கள் உழைப்பு. ஆனால் அப்போது திரையை மட்டும் பார்க்காதீர்கள். புரொஜெக்டர், திரை இரண்டின் விலையையும் கூட்டி, பக்கத்தில் ஒரு 55 அங்குல டிவியின் விலையை எழுதிப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் புரொஜெக்டருக்கும், 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கும் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. இரண்டுக்கும் ஒரே சலுகை. சாதாரண டிவியே 250, 300 நிட் கொடுக்கும். அளவு சின்னதுதான், ஆனால் மேற்கு வெயிலோடு மல்லுக்கு நிற்கும். புரொஜெக்டர்தான் என்று முடிவுசெய்தால், கடைக்காரர் திரையை உங்கள் ஹாலுக்குக் கொண்டுவந்து, நாலு மணிக்கு, உங்கள் புரொஜெக்டரில் போட்டுக் காட்டட்டும். இருட்டறை ஷோரூமில் எல்லாத் திரையும் நல்ல திரைதான்.

அந்த 2,000 முன்பணம்: நாளைக்கே போய்த் திருப்பிக் கேளுங்கள். பணமாகத் தர மாட்டேன் என்றால், சுருட்டி வைக்கிற மாதிரி சாதாரண வெள்ளைத் திரை ஒன்றில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஊருக்குத் தோளில் போட்டுக்கொண்டு போகலாம். அதுவும் முடியாது என்றால் 2,000 போனது போகட்டும். அதைக் காப்பாற்ற இன்னும் 62,000 கட்ட வேண்டாம்.