வத்தல்மலை ஏற்றமும் முழங்கால் வலியும்

வணக்கம். தருமபுரியிலிருந்து வத்தல்மலை ஏறுகையில் முழங்காலின் முன்பக்கம் வலிப்பதாகவும், உங்கள் சைக்கிளில் முன்னால் 53, 39 பற்களும் பின்னால் 25 பற்கள் வரையும் இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள்.

செலவில்லாததை முதலில் பாருங்கள்: இருக்கை தாழ்ந்திருந்தால் இதே இடத்தில்தான் வலிக்கும். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருந்தால் போதும்.

அது சரியாக இருந்தால், என் ஐயம் பல்சக்கரத்தின் மீதே. முன்னால் 39 பற்களுக்குப் பின்னால் 25 என்ற விகிதத்தில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்கவே மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டர் வேகம் வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் அந்த வேகம் பலருக்கும் நிலைக்காது என்பதால், சுற்று குறைந்து ஒவ்வொரு மிதியின் அழுத்தமும் முழங்காலில் இறங்குகிறது. 34-க்கு 28 என்றால் அதே சுற்றுக்கு ஏறக்குறைய 9 கிலோமீட்டர் போதும். ஆனால், துளைவட்டம் (முன் பல்சக்கரத்தைப் பிணைக்கும் திருகுத் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) 130 மில்லிமீட்டராக உள்ள கிராங்கில், அதாவது பெடல்களைத் தாங்கும் கைப்பகுதியில், 38-க்குக் குறைந்த பல்சக்கரம் பொருந்தாது. கிராங்கையே மாற்ற வேண்டியிருக்கும் (பணப்பைக்கு இதுவும் ஓர் ஏற்றந்தான்). பின் கியர் மாற்றி 28 பற்களைத் தாங்குமா என்பதையும் கடையில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இறங்கும்போது ரிம் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தி வைத்திருந்தால் ரிம் சூடேறும்; வளைவுக்கு முன்பே அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, பிறகு விடுங்கள். பயிற்சிக்காகத் தொப்பூர்க் கணவாய்க்குப் போக வேண்டாம். லாரிகள் நெருக்கும் அந்த நெடுஞ்சாலை இறக்கம் சைக்கிளுக்கு ஏற்றதன்று.