ஒவ்வொரு படமும் அழகு, சேர்த்தால் கதை இல்லை: சித்திரப் புத்தகத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: பல வருடமாக வாட்டர்கலரில் வரைகிறேன். குழந்தைகளுக்கான கதை ஒன்றுக்கு எல்லாப் படங்களையும் போட்டு முடித்துவிட்டேன். தனித்தனியாகப் பார்ப்பவர்கள் பாராட்டுகிறார்கள். வரிசையாக அடுக்கினால் புத்தகமாக வரவில்லை. கதையில் வரும் சிறுமியும் பக்கத்துக்குப் பக்கம் வேறு பிள்ளையாகத் தெரிகிறாள். விருது வாங்கும் ஓவியர்கள் எப்படி வேலை செய்கிறார்கள்? பேப்பரையும் கலரையும் மாற்ற வேண்டுமா?

பதில்: கலர் அப்படியே இருக்கட்டும், வேலை செய்யும் வரிசையை மாற்றுங்கள். முதல் படத்தை முழுதாக முடித்துவிட்டு இரண்டாவதைத் தொட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தேர்ந்த ஓவியர்கள் பெரும்பாலும் முழுப் புத்தகத்தையும் முதலில் கிறுக்கலாகவே முடித்துவிடுவார்கள். தூரிகை அப்புறம்தான். விருதுக் குழுக்கள் பார்ப்பதும் முழுப் புத்தகத்தைத்தான். அமெரிக்காவில் சித்திரப் புத்தக ஓவியர்களுக்கு 1938 முதல் வழங்கப்படும் கால்டிகாட் பதக்கத்துக்கான விதிகளில், கதையும் பாத்திரமும் சூழலும் படங்கள் வழியாக எப்படி வெளிப்படுகின்றன என்பதும் ஓர் அளவுகோல்.

சித்திரப் புத்தகம் பொதுவாக 32 பக்கம். பெரிய அச்சுத்தாளை மடிக்கும்போது பக்கங்கள் 8, 16 என்றுதான் கிடைக்கும், அதனால் இந்தக் கணக்கு. தலைப்பு, பதிப்புரிமைப் பக்கங்கள் போக, எதிரெதிர்ப் பக்கங்களாகக் கதைக்கு 12 முதல் 15 ஜோடிகள் மிஞ்சும். அத்தனை ஜோடிகளையும் ஒரே தாளில் தீப்பெட்டி அளவுக் கட்டங்களாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் குச்சி உருவம் வரையுங்கள். கோளாறு உடனே கண்ணில் படும். எல்லாக் கட்டத்திலும் சிறுமி அதே உயரத்தில், நடுவில், நேராக நம்மைப் பார்த்து நிற்பாள். ஒரு கட்டத்தில் அவளைத் தூரத்துப் புள்ளியாக்குங்கள். அடுத்ததில் முகம் மட்டும். இன்னொன்றில் கட்டிலுக்கடியில் இருந்து பார்க்கும் கோணம்.

மோரிஸ் செண்டாக் 1963-இல் வெளியிட்ட, அடுத்த ஆண்டே கால்டிகாட் பதக்கம் பெற்ற ‘வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்’ நூலை இந்தக் கண்ணோடு புரட்டிப் பாருங்கள். முதல் படம் சின்னது, சுற்றிலும் வெள்ளை. பையனின் கற்பனை வளர வளரப் படமும் பெரிதாகி, ஆட்டம் உச்சத்துக்குப் போகும்போது எழுத்தையே வெளியே தள்ளிவிட்டு இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்கிறது. படத்தின் அளவே கதை சொல்கிறது. தனித்தனியாக வரைந்துகொண்டிருந்தால் இந்த யோசனை வரவே வராது.

கட்டங்கள் சரியானதும் டம்மி, அதாவது கையால் செய்த மாதிரிப் புத்தகம். எட்டுத் தாளை ஒன்றாக மடித்து நடுவில் ஸ்டேப்லர் பின் அடித்தால் 32 பக்கம். பென்சிலில் வரைந்து, கதையை அதில் எழுதி, யாருக்காவது சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். கை எங்கே ஆசையாகப் புரட்டுகிறது, எங்கே தயங்குகிறது என்று கவனியுங்கள். கதவைத் தட்டும் சத்தம் வலப்பக்கத்தில் வர வேண்டும், தட்டியது யார் என்பது புரட்டிய பிறகு. இரண்டும் எதிரெதிரே இருந்தால் குழந்தை பதிலை முதலிலேயே பார்த்துவிடும். நீங்கள் ரசித்து வரைந்த இரண்டு மூன்று படங்கள் இந்த நிலையில் வெளியே போகலாம். போகட்டும்.

எழுத்து சொன்னதையே படமும் திரும்பச் சொல்கிறதா என்று பார்க்கவும் டம்மிதான் சரியான இடம். ஜான் கிளாசனின் ‘திஸ் இஸ் நாட் மை ஹேட்’ நூலில், பெரிய மீன் தூங்குகிறது என்று அதன் தொப்பியைத் திருடிய சின்ன மீன் நம்பிக்கையோடு சொல்கிறது. படத்தில் பெரிய மீனின் கண் அகலத் திறந்திருக்கிறது. வாசிக்கத் தெரியாத குழந்தைக்கு, கதை சொல்பவரை விடத் தனக்கு அதிகம் தெரியும் என்ற சந்தோஷம். 2013-இல் கால்டிகாட் பதக்கம் இந்த நூலுக்குத்தான்.

சரி, மாறிக்கொண்டே இருக்கும் சிறுமிக்கு வருவோம். கதைப்படங்களுக்கு முன்னால் அவளை மட்டும் ஒரு தாள் நிறைய வரையுங்கள்: முன்னால், பக்கவாட்டில், பின்னால், ஓடும்போது, அழும்போது. உயரம் எத்தனை தலை அளவு, முடி நெற்றியில் எங்கே தொடங்குகிறது என்பதை முடிவு செய்து, அந்தத் தாளை எதிரிலேயே ஒட்டிவையுங்கள். முழுக்கக் கறுப்பில் நிரப்பினாலும் அவள்தான் என்று தெரிந்தால் உருவம் அமைந்துவிட்டது. அமெரிக்க ஓவியர் எஸ்ரா ஜாக் கீட்ஸ் 1940-இல் ஒரு பத்திரிகையில் பார்த்த சிறுவனின் படங்களை வெட்டி எடுத்து, இருபது வருடத்துக்கும் மேல் வைத்திருந்தார். 1962-இல் வந்த ‘த ஸ்னோயி டே’ என்ற பனிநாள் கதையின் நாயகன் பீட்டர் அங்கிருந்து வந்தவன்.

பொருட்களைப் பற்றிக் கேட்டதால் கீட்ஸிடமே நிற்கலாம். அந்த நூலில் அவர் வண்ணத்தாளும் துணியும் வெட்டி ஒட்டினார், ரப்பரில் பனித்துகள் வடிவம் செதுக்கி அச்சுக் குத்தினார், டூத் பிரஷால் மையைத் தெறித்தார். பனிக்கு அது பொருந்தியது, அவ்வளவுதான். உங்கள் கதைக்கு வாட்டர்கலர் பொருந்தினால் அதிலேயே தொடருங்கள். இறுதிப் படம் போடும்போது மட்டும் சிறுமியின் முகத்தை நடு மடிப்பிலிருந்து தள்ளி வையுங்கள், பைண்டிங்கில் மூக்கு உள்ளே போய்விடும். ஓரங்களிலும் கொஞ்சம் கூடுதலாக வரைந்துவிடுங்கள். அச்சகத்தில் விளிம்பை வெட்டுவார்கள்.