ஒரு செமஸ்டர் ஜெர்மனியில்: வாய் திறக்காத மகளுக்கு

கேள்வி: ஐயா, நான் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். என் மகள் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் அக்டோபரில் ஒரு செமஸ்டருக்கு ஜெர்மனி போகிறாள். வீட்டிலேயே சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசமாட்டாள். அந்த ஊர் வழக்கம் தெரியாமல் அவமானப்பட்டு நிற்பாளோ என்று பயமாக இருக்கிறது. ஈப்போவில் ஒரு முகவர், "கலாசாரப் பயிற்சி" கொடுத்து, விசா, தங்குமிடம் எல்லாம் முடித்துத் தருவதாகச் சொல்லி 4,800 ரிங்கிட் கேட்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள், அம்மா. கையில் ரசீதோடு வந்து அழுதவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்படிப்பட்ட பயிற்சி வகுப்பு ஒன்றில் நானும் ஒருமுறை கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முள்கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது, கை குலுக்கும்போது எங்கே பார்ப்பது, குளிருக்கு எத்தனை சட்டை என்று அரை நாளை ஓட்டினார்கள். பக்கத்து அறைப் பெண்ணைப் பார்த்து உங்கள் மகள் இரண்டே நாளில் பழகிக்கொள்ளக்கூடியவை இவை. கரண்டியைக் கை மாற்றிப் பிடித்து யாரும் தேர்வில் தோற்றதில்லை.

தோற்பது வேறு இடத்தில். நம்மிடையே பேசாமல் இருப்பது மரியாதை. ஆசிரியர் முன் தலை குனிந்து நிற்கும் பிள்ளையை நல்ல பிள்ளை என்போம். அந்தப் பிள்ளை ஒரு விண்ணப்பப் பாரத்தை மறந்தால், துறை அலுவலகத்து அக்கா கைப்பேசியில் அழைத்து, நாலு திட்டுத் திட்டியாவது வேலையை முடித்துவிடுவார். அங்கே பேசாதவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். வயது வந்த ஒருவரைப் பின்தொடர்ந்து போய் "செய்தாயா, செய்தாயா" என்று கேட்பது அவர்கள் கணக்கில் அவரைக் குழந்தையாக்குவது. ஆகவே கேட்க மாட்டார்கள்.

நம் பக்கத்திலிருந்து போன ஒரு மாணவியை எனக்குத் தெரியும். செமஸ்டர் முழுக்க ஒரு வகுப்பைக்கூடத் தவறவிடவில்லை. தேர்வு நாளன்று வாசலில் இருந்தவர் பெயர்ப் பட்டியலில் ஓர் அளவுகோலை வைத்து, வரி வரியாகக் கீழே இறக்கிக்கொண்டே வந்தார். கடைசி வரியையும் தாண்டி அளவுகோல் மேசையில் வந்து நின்றது. அவள் பெயர் இல்லை. பாடத்துக்குப் பதிவது வேறு, தேர்வுக்குப் பதிவது வேறு. தேர்வுப் பதிவுக்குத் தனிக் கெடு உண்டு, அது தேர்வுக்குச் சில வாரம் முன்பே மூடிவிடும். ஜெர்மன் மொழியில் வந்த நினைவூட்டு மின்னஞ்சலை அவள் விளம்பரம் என்று எண்ணி அழித்திருக்கிறாள். பக்கத்தில் இருந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. அந்தப் பாடத்தை இங்கே வந்து மறுபடி படித்தாள்.

உங்கள் மகள் போய்ச் சேர்ந்ததும் தேர்வுப் பதிவு என்று தொடங்குகிறது, என்று முடிகிறது என்பதைக் கேட்டு உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அந்தத் தேதியை நாட்காட்டியில் எழுதி அடுப்புக்கு மேலே மாட்டிவையுங்கள்.

வகுப்பில் மாணவர்கள் பேராசிரியரை மறுத்துப் பேசுவார்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். வகுப்பு முடிந்ததும் எல்லோரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். முதல் நாள் அதைக் கேட்டு ஏதோ கலாட்டா என்று பயந்த பிள்ளைகள் உண்டு. அது கைதட்டல்தான்.

ஜெர்மானியர்கள் நேரம் தவறாதவர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அட்டவணையில் பத்து மணி என்று போட்ட விரிவுரை பத்தேகாலுக்குத் தொடங்கும். நேரத்துக்குப் பக்கத்தில் "சி.டி." (c.t.) என்று இரண்டு எழுத்து இருந்தால் அந்தக் கால் மணி உண்டு. "எஸ்.டி." (s.t.) என்று இருந்தால் கிடையாது. இரண்டும் இல்லையென்றால் கேட்டுக்கொள்ள வேண்டும், பல இடங்களில் சொல்லாமலே கால் மணி உண்டு. இந்தச் சலுகை விரிவுரைக்கு மட்டும். தேர்வுக்கு இல்லை. பேராசிரியரை அறையில் போய்ப் பார்ப்பதற்கு இல்லை. நகர அலுவலகத்துக்கு இல்லை, பல் வைத்தியருக்கு இல்லை, பக்கத்து அறைப் பெண் காப்பி குடிக்க அழைத்தால் அதற்கும் இல்லை. இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் உண்டு. கால் மணி இருக்கிறது என்று கேள்விப்பட்ட நம் பிள்ளைகள் அதை ஊர் முழுக்கச் செலவு செய்து கெட்ட பெயர் வாங்குகிறார்கள்.

பேசப் பழக்குவதற்குக் காசு வேண்டாம். கிளம்ப இன்னும் எத்தனை வாரம் இருக்கிறதோ அத்தனை வாரமும் வங்கி, அஞ்சலகம், மாவட்ட அலுவலகம் எல்லாவற்றுக்கும் அவளையே அனுப்புங்கள். நீங்கள் கூடப் போகாதீர்கள், அண்ணனையும் அனுப்பாதீர்கள். முகப்பில் நின்று "எனக்கு இது புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று அவள் வாயால் கேட்டு வர வேண்டும். நேரில் தயங்கினால் பேராசிரியருக்கு மூன்று வரியில் மின்னஞ்சல் எழுதலாம். அவருடைய குடும்பப் பெயரைச் சொல்லி எழுத வேண்டும், வெறும் "சார்" போதாது.

இனி அந்த முகவர். தோட்டத்தில் கங்காணிக்குத் தன் கூட்டத்தில் வேலைக்கு இறங்கும் ஆள் கணக்கில் தலைக்காசு கிடைத்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். மலாயாவுக்குத் தோட்டத் தொழிலாளர்களை அனுப்புவதை இந்திய அரசு 1938இல் நிறுத்தியது. ஆள் பிடிக்கும் கங்காணி அதோடு போனார், தலைக்காசு போகவில்லை. இன்று அது "சேவைக் கட்டணம்" என்ற பெயரில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கிறது.

அவர் எதை விற்கிறார் என்று பாருங்கள். விசாவுக்கு நேரம் வாங்கித் தருகிறேன் என்பார். கோலாலம்பூர் ஜெர்மன் தூதரகத்தில் நேரம் பதிவதற்குக் கட்டணமே கிடையாது. விசாவுக்கான 75 யூரோவைத்தான் கட்ட வேண்டும். செலவுக்குப் பணம் காட்ட வேண்டும் என்பது உண்மை. 2024 செப்டம்பரில் அதை மாதத்துக்கு 992 யூரோ என்று உயர்த்தினார்கள். உதவித்தொகைக் கடிதம் இருந்தால் அந்த அளவுக்குக் குறையும். ஆனால் அந்தப் பணம் உங்கள் மகள் பெயரில் முடக்கப்பட்ட கணக்கில் இருந்து, மாதா மாதம் அவள் கைக்கே வரும். "என் கணக்கில் போடுங்கள், நான் காட்டிக்கொள்கிறேன்" என்று சொன்னால் அந்த நாற்காலியை விட்டு எழுந்துவிடுங்கள். அறைக்கு மாணவர் விடுதி அமைப்பிடம் அவளே நேராக விண்ணப்பிக்கலாம். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், முன்பணம் அனுப்பினால் சாவி தபாலில் வரும் என்று யார் சொன்னாலும் மோசடி. சட்டப்படி முன்பணம் அடிப்படை வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் போகக்கூடாது. அதையும் மூன்று தவணையில் கட்டலாம். இதை எந்த முகவரும் சொன்னதாக நான் கேட்டதில்லை.

முகவர்களை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. காரியாலயங்கள் ஒழுங்காக இருந்தால் இவர்களுக்குப் பிழைப்பு ஏது? அங்கே வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும் என்று சட்டம். பெரிய நகரங்களில் நேரம் கேட்டால் அந்த இரண்டு வாரம் கழிந்த ஒரு தேதியைத் தருவார்கள். சட்டம் எழுதியவரும் நேரம் தருபவரும் இதுவரை சந்தித்ததில்லை போலும். நேரம் கேட்ட ஆதாரத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? அங்கே படிக்கும் பாடத்தை இங்கே ஏற்பதற்கு ஒரு தாளில் ஐந்து கையெழுத்து. நான்கு விழுந்ததும் ஐந்தாமவர் விடுப்பில் போய்விடுவார். இப்படி இருபது ஆண்டு பார்த்துவிட்டேன். ஐந்தும் விழாமல் அவள் விமானம் ஏறக்கூடாது.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பெட்டி கட்டும்போது கட்டாயம் கேட்பீர்கள். நெத்திலியும் கருவாடும் போகும். நெய், இறைச்சி, பச்சைக் கறிவேப்பிலை போகாது. சட்டம் டுரியானை விடுகிறது, விமானம் விடாது. மாணவர் உணவகத்தில் மரக்கறி கிடைக்கும். கொத்திய இறைச்சி என்றால் பன்றியும் மாடும் கலந்திருப்பது அங்கே சாதாரணம்.

அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள். அதன் பிறகு நமக்கும் அவர்களுக்கும் ஏழு மணி நேர வித்தியாசம். ஞாயிறு இரவு எட்டுக்கு நீங்கள் அழைத்தால் அவளுக்குப் பகல் ஒன்று. அன்று கடைகள் அடைத்திருக்கும், ஓய்வாகப் பேசுவாள். தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பும் முன் காலை ஐந்தரைக்கு அழைத்தீர்களானால் அங்கே முதல் நாள் இரவு பத்தரை. பத்து மணிக்கு மேல் சத்தம் போடக்கூடாது என்பதை அங்கே கண்டிப்பாகப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் அவள் குரல் அடங்கிக் கேட்டால் அழுகிறாள் என்று பதறிவிடாதீர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் தூங்குகிறார்.