குவைட் குட்னா பாராட்டா, இல்லையா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஃபேர்லி, குவைட், ரேதர் மூணுக்குமே டிக்‌ஷனரியில 'ஓரளவு'ன்னுதான் போட்டிருக்கு. எதை வேணும்னாலும் மாத்திப் போட்டுக்கலாமா சார்?
– வாசகி, திருச்சி

பதில்: மாத்திப் போட்டா பல இடத்துல கிராமர் தப்பு வராதும்மா, ஆனா கேக்கறவர் வேற மாதிரி புரிஞ்சுக்குவார். ஃபேர்லிக்கும் ரேதருக்கும் அளவுல பெரிய வித்தியாசம் இல்ல, சொல்றவருக்கு அது புடிச்சிருக்கா இல்லையாங்கறதுலதான் இருக்கு விஷயம். 'த சூப் இஸ் ஃபேர்லி ஹாட்'னா நல்ல சூடு, குடிக்கலாம். 'ரேதர் ஹாட்'னு சொன்னா நாக்கு சுட்டுடுச்சு, கொஞ்சம் ஆறட்டும்னு ஒரு முணுமுணுப்பு அதுக்குள்ள இருக்கு. ஆனா அதே ரேதர் நல்ல வார்த்தையோட சேர்ந்து 'ரேதர் குட்'னு வந்தா, அட பரவால்லையே, இவ்ளோ நல்லா இருக்கும்னு நெனைக்கலங்கற மாதிரி. இன்னொண்ணு, 'ரேதர் பெட்டர்'னு சொல்லலாம், 'ஃபேர்லி பெட்டர்'னு சொல்லவே கூடாது.

இந்த குவைட் இருக்கே, அதுதான் வம்பு புடிச்சது. அமெரிக்காக்காரர் 'குவைட் குட்'னா ரொம்ப நல்லா இருக்குன்னு அர்த்தம், பிரிட்டிஷ்காரர் சொன்னா பெரும்பாலும் சுமார் ரகம்தான், அதுலயும் குவைட்டை அழுத்திச் சொன்னார்னா பின்னாடியே ஒரு 'பட்' வருதுன்னு வெச்சுக்கங்க, அதனால லண்டன் மேனேஜர் உங்க ரிப்போர்ட்டைப் பாத்து அப்படிச் சொன்னா உடனே ஸ்வீட் வாங்க ஓடாதீங்க! ஆனா இம்பாசிபிள், டெட் மாதிரி பாதி-முக்கால்னு சொல்ல முடியாத வார்த்தையோட வந்தா ரெண்டு ஊர்லயும் குவைட்னா 'முழுசா'தான். ஓரளவு செத்துட்டார்னு யாராவது சொல்வாங்களா? 'நாட் குவைட் ரெடி'யும் இப்படித்தான், கிட்டத்தட்ட ஆயிடுச்சு, முழுசா ஆகல.

கேள்வி: பேச்சுப் போட்டியில கடைசி பாயிண்ட் சொல்றதுக்கு முன்னாடி 'அட் லாஸ்ட்'னு சொல்லலாமா?
– மாணவர், தேனி

பதில்: வேணாம் தம்பி, 'லாஸ்ட்லி' இல்லன்னா 'ஃபைனலி'ன்னு சொல்லுங்க. அட் லாஸ்ட்னா ரொம்ப நேரம் காத்துக் கெடந்து 'அப்பாடா, ஒருவழியா வந்துச்சு'ன்னு சொல்ற எடத்துக்குத்தான். நீங்களே மேடையில அப்பாடான்னா எப்படி, அதைச் சொல்றதுக்குத்தான் கீழ ஜனங்க உக்காந்திருக்காங்களே. ஃபைனலி ரெண்டு எடத்துக்கும் பொருந்தும். ஈவென்சுவலி வேற, அதுல அந்த நிம்மதி இருக்கணும்னு இல்ல, 'த பஸ் கேம் ஈவென்சுவலி'ன்னா கடைசியில வந்து சேந்துச்சு, ஆனா லேட்டு, அவ்ளோதான்.